நாற்பத்தோராம் அருவி

“தண்ணிக்குள்ள கை வைக்காதேங்கோ ஐயா!”

படகோட்டி வந்த பெண் நிரோஜா போட்ட சத்தத்தில் ஆவுடையப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித் துறையில் உத்தரவு போட்ட கை அது. சிற்றாற்றில் எந்த மதகை எத்தனை அங்குலம் தூக்குவது என்று அந்தக் கை எழுதினால்தான் தண்ணீர் நகரும். எழுபத்து நான்கு வயதில், தண்ணீரைத் தொடாதே என்று ஒரு சின்னப் பெண் அதட்டும்படி ஆகிவிட்டது.

“தப்பா நினைக்காதேங்கோ. மூக்கு வைச்சு முடியும் மட்டும்தான். பிறகு நீங்கள் முழுகினாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“இந்தத் தண்ணியில முழுகினா நீ சொல்லுததைக் கேக்க நான் இருக்க மாட்டேன்” என்றார் ஆவுடையப்பன். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நிரோஜா சிரித்துவிட்டாள்.

அவருடைய மகள் செண்பகவல்லி சிரிக்கவில்லை. படகைவிட்டு இறங்கியதிலிருந்து அருவி புறப்படும் உச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளாகவே அவள் முகம் சரியில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்தார்.

வட துருவக் கடலில் ஒரு தீவு. கடலின் கை ஒன்று மலைகளுக்குள் நீண்டு முடியும் இடத்தில், கறுத்த பாறையிலிருந்து இருநூறு அடி இறங்கிக்கொண்டிருந்தது அருவி. மேலே ஓர் ஏரி. அதற்கும் மேலே பனியாறு. மரம் இல்லை, குரங்கு இல்லை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இல்லை. வரைபடத்தில் அருவிக்குப் பெயர்கூட இல்லை, நாற்பத்தொன்று என்று எண் மட்டும்தான். பழத்தோட்டத்துக்குள் விழும் ஓடையையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அது பெரிய குறையாகப் பட்டது. ஆனால் சத்தம் அதே சத்தம். கண்ணை மூடினால் சாரல் காலத்தில் பேரருவிக்கு முன்னால் நிற்பது போலிருந்தது.

அந்தப் பனியாற்றில்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகன் குற்றாலநாதன் விழுந்து செத்தான். உடம்பு கிடைக்கவில்லை. அவன் எலும்பைத் தொட்ட தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

நிரோஜா பாறையில் குந்தி உட்கார்ந்து, முழ நீளத்துக்கு இருந்த ஒரு வெள்ளைக் குழாயை, அவள் சொன்ன அந்த மூக்கை, அருவியடித் தடாகத்தில் இறக்கினாள்.

“இது என்னத்தை மோந்து பாக்கும்?”

“ஆர் ஆர் இந்தத் தண்ணியத் தொட்டவை எண்டு பாக்கும் ஐயா. தோல், மயிர், எச்சில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில கழண்டு போகுமெல்லோ. மேல ஒரு கரடி ஆத்தைக் கடந்தால் போதும், இஞ்ச இதுக்குத் தெரிஞ்சிடும். மூக்கு இல்லாமல் ஒருத்தரையும் இறக்க விடமாட்டினம். போன வருசம் ரெண்டு பேரைக் கரடி அடிச்சதெல்லோ.”

“அதுக்கு எங்களை எதுக்கு நேத்து எச்சில் துப்பச் சொன்ன?”

“உங்களைக் கழிக்கத்தான்.”

“கழிக்கவா?”

“ஓம். என்னோட வாற ஆக்களின்ர பதிவு இந்த மூக்கில இருக்கும். நாங்கள் தண்ணிக்க நிண்டாலும் அது எங்களைக் கழிச்சுப் போட்டு மிச்சத்தைத்தான் காட்டும். இல்லாட்டி நீங்கள் கை வைச்ச உடன மேல நிலையத்தில மணி அடிக்கும். இது வாசிக்கிறதெல்லாம் அப்பிடியே அங்க போயிடும்.”

“அப்போ இந்தக் கருவிக்கு நான் இல்லாத ஆளு.”

“மூண்டு பேரும்தான் ஐயா” என்று மறுபடி சிரித்தாள்.

நிரோஜாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த நாட்டின் வடகரையில் மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். தமிழ் பேசும் படகுக்காரி வேண்டுமென்று தேடி அவளைப் பிடித்தது செண்பகவல்லிதான். இந்தத் தீவுக்கு நிரோஜா வந்ததே இந்தக் கோடையில்தான். மேலே நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர் படகிலேயே விசாரித்திருந்தார். “கோடைக்கு ஒரு காவலாள் இருப்பார், ஆர் எண்டு தெரியாது” என்று சொல்லிவிட்டாள்.

கருவி வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்றாள். ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

“உங்கட மணிக்கூடு பிழை ஐயா. இப்ப எட்டேகால்.”

“இது தென்காசி மணி. இன்னிக்கு ஆடி அமாவாசை. உங்க ஊர்ல மூணு மாசமா ராத்திரியே கிடையாது. இங்க நான் எங்க போய் அமாவாசையைப் பாக்க? எங்க ஊர் உச்சிப்பொழுதுக்கு நான் எள்ளும் தண்ணியும் இறைக்கணும். அதுக்குத்தான் உன்னை விடியுமுன்னே கிளம்பச் சொன்னேன்.” சொல்லிவிட்டு, விடியல் என்ற ஒன்றும் இங்கே இல்லையே என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

“எங்கட அப்பாவும் இண்டைக்கு விரதம். அப்பப்பாவுக்குச் செய்யிறவர். அண்ணாவை ஒண்டும் தொட விடமாட்டார்.”

“சரியான மனுஷன். அப்பன் உயிரோட இருக்கையில மகன் அமாவாசைக்கு எள்ளைத் தொடக் கூடாது. தொட்டா, அப்பனைச் சாகச் சொல்லுத மாதிரி. எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா அப்படி ஒரு தப்பு நடந்ததில்ல.”

“மகனுக்கு நீங்களே செய்யிறியள்?”

“அவனுக்குக் கல்யாணம் ஆகல. பிள்ளை இல்ல. வேற யாரு செய்வா?”

செண்பகவல்லி திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

அந்தக் கல்யாணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இலஞ்சியில் இருக்கும் தங்கையின் மகளுக்கு நாதனைக் கொடுப்பதாக ஆவுடையப்பன் சபையில் வைத்து வாக்குக் கொடுத்திருந்தார். பனியாறுகளை ஆராயப் போன பையன், கூட வேலை செய்யும் இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டப்போவதாகத் தொலைபேசியில் சொன்னான். “அவளைக் கட்டினா எனக்கு நீ செத்தவன். தலை முழுகிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். இருபத்திரண்டாம் நாள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பனிப்பிளவில் விழுந்த சக ஊழியரைக் காப்பாற்றப் போய் உயிர்நீத்தார் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் அழுதார். மறுநாள் நிமிர்ந்துவிட்டார். தர்ப்பையால் உடம்பு கட்டி அதற்குக் கொள்ளி வைத்தார். கடிதத்தைத் தேக்குச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். “என் பிள்ளை என் சொல்லைத் தாண்டல. தாண்டுததுக்கு முன்னால உயிரை விட்டுட்டான்.” தங்கை வீட்டார் காலில் விழாத குறை. அதற்குப் பிறகு ரத வீதியில் அவர் நடந்தால் எதிரே வருகிறவர் தோள் துண்டை எடுத்தார்.

போன மார்கழியில் மனைவி கோமதி காலமானாள். தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, இத்தனை வருஷம் ஊரிலிருந்து இறைத்த தண்ணீர் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்குமா என்று சந்தேகம் வந்தது. அவன் செத்த இடத்துக்கே ஒரு தடவை போய்ச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். செண்பகவல்லி எத்தனையோ காரணம் சொல்லித் தடுத்துப் பார்த்தாள். முடியாமல் கூடவே வந்தாள்.

மூக்கு கீச்சென்றது. நிரோஜா கையிலிருந்த திரையைப் பார்த்தாள்.

“கரடி இல்லை. நரி ஒண்டு, வாத்து, கலைமான்…” என்று வாசித்தவள் நிறுத்தினாள். “ஐயா, நீங்கள் முதலே தண்ணியத் தொட்டனீங்களோ?”

“நீதான் தொட விடலியே.”

“நான் தொட்டேன்” என்றாள் செண்பகவல்லி அவசரமாக. “இறங்கின உடனே முகம் கழுவினேன்.”

“நீங்கள் எண்டால் கழிஞ்சிருக்கும் அக்கா. இது வேற.”

“என்ன காட்டுது? இங்க கொண்டா” என்றார் ஆவுடையப்பன்.

“ஆக்களைப் பற்றிச் சொல்லக் கூடாது ஐயா. கரடியை மட்டும்தான் சொல்லலாம். சட்டம்.”

“நான் அணைக்கட்டுல அளவுமானி பாத்தவன். ஒரு கருவி தப்பாக் காட்டுதா சரியாக் காட்டுதான்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம். கொண்டா.”

அந்தக் குரலுக்கு மதகுக் காவலர்களும் உதவிப் பொறியாளர்களும் எப்படிப் பணிந்தார்களோ அப்படியே நிரோஜாவும் பணிந்தாள். திரையில் இரண்டு மனித உருவங்கள் வரைந்திருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியதற்குப் பக்கத்தில் ‘பதிவு ஒன்றில் பாதி’ என்று அந்த நாட்டு மொழியில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள். சின்னதற்குப் பக்கத்தில், பதிவு ஒன்றில் கால்.

“பதிவு ஒண்ணு யாரு?”

“நீங்கள்.”

“பாதின்னா?”

“பெத்தவையா இருக்கலாம். கூடப்பிறந்ததா இருக்கலாம். இல்லாட்டி…” அவள் குரல் இறங்கியது. “பிள்ளை.”

“பெத்தவங்க போய்ச் சேந்தாச்சு. கூடப்பிறந்தவ ஒருத்திதான், அவ இலஞ்சியில மூட்டுவலியோட கிடக்கா. கால்ன்னா?”

“பேரப்பிள்ளை ஐயா.”

“எப்பத் தொட்டது?”

நிரோஜா திரையைப் பார்த்தாள். பிறகு அருவியின் உச்சியைப் பார்த்தாள். “இப்ப. இப்பவும் வந்துகொண்டிருக்கு.”

ஆவுடையப்பன் மகள் பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போடவில்லை.

“ஏட்டி செண்பகம். மேல யாரு?”

அவள் அருவியின் உச்சியை மறுபடி அண்ணாந்து பார்த்தாள்.

“நாதன்தான்பா.”

“கடிதம்?”

“நான் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்.”

“முத்திரை இருந்துதே.”

“திருநெல்வேலி ஜங்ஷன்ல செய்யக் குடுத்து வாங்கினோம். முத்திரை இருந்தா நீங்க மேற்கொண்டு ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு அம்மாவுக்குத் தெரியும்.”

“ஒருத்தனைக் காப்பாத்தப் போனான்னு போட்டிருந்துதே ஏட்டி!”

“சும்மா செத்தா அப்பாவுக்குப் போதாதுன்னு அம்மா சொன்னா. அதான் அதையும் சேத்தேன்.”

ஆவுடையப்பன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

பன்னிரண்டு வருஷம். ஓர் அமாவாசை தவறியதில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் கோமதிதான் விடியற்காலையில் எழுந்து குளித்து ஈரப்புடவையோடு சமைத்தாள். எள்ளைப் புடைத்து முடிந்து கொடுத்தாள். படைத்த இலையிலிருந்து உருண்டை பிடித்துக் கொல்லைச் சுவரில் வைத்து, “நாதா, வந்து எடுத்துட்டுப் போய்யா” என்று காக்காயைக் கூப்பிட்டாள். ஒரு தடவை காக்காய் வரத் தாமதித்தபோது அவள் கண் கலங்கியதைப் பார்த்து, அவரே தேற்றினார். “வருவான், கூப்பிடு” என்றார்.

“அவன்கிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாளா?”

“ஞாயித்துக்கிழமை நீங்க கிளப்புக்குப் போனதும்.”

“எதுக்கு ஏட்டி? என்னை எதுக்கு இப்படி?”

“நீங்கதான்பா சொன்னீங்க, கட்டினா செத்தவன்னு. அவன் கட்டிட்டான். அது தெரிஞ்சா நீங்க ஊர்ல தலை குனிஞ்சு நடக்கணும். செத்த பிள்ளைக்கு அப்பான்னா நிமிந்து நடக்கலாம். உங்களுக்கு எது முக்கியம்னு அம்மாவுக்குத் தெரியாதா?”

நிமிர்ந்துதான் நடந்தார். ரத வீதி முழுக்க நிமிர்ந்து நடந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் செய்த ரப்பர் முத்திரையின் பலத்தில்.

நிரோஜா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அரை மணி நேரம் ஏறினாப் போதும்பா” என்றாள் செண்பகவல்லி. “நான் கையைப் பிடிச்சுக்கிடுதேன். வாங்க.”

“நான் ஏறணுமா? நான்?” அவருடைய முதுகு இன்னும் நிமிர்ந்தது. “நீ ஏறிப் போ. போய் அவன்கிட்டச் சொல்லு, உன் அப்பன் செத்துட்டான்னு. எனக்கு என்ன செஞ்சீங்களோ அதையே அவனுக்கும் செய். காயிதம் வேணும்னா எழுது. முத்திரையும் குத்து. நான் எப்படிச் செத்தா அவனுக்குப் போதுமோ அப்படிச் சாவுதேன்.”

செண்பகவல்லியின் முகத்தில் அழுகை இல்லை. வேறு என்னவோ இருந்தது. அதை நின்று பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைக் கழுவினால் தேவலை என்று தோன்றியது. பையிலிருந்து செம்பை எடுத்துத் தடாகத்தின் ஓரத்தில் குனிந்து மொண்டார்.

செம்புத் தண்ணீரில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் சுழன்றன.

மண் என்று நினைத்தார். விரலால் தொட்டு எடுத்தார். நகத்தால் அழுத்தினார். எள்.

மடியைத் தொட்டுப் பார்த்தார். எள் முடிச்சு முடிச்சாகவே இருந்தது, கோமதி போடுகிற மாதிரி செண்பகவல்லி போட்ட இரட்டை முடிச்சு. நனையக்கூட இல்லை. குனிந்து தடாகத்தைப் பார்த்தார். நுரை ஒதுங்கிய பாறை இடுக்கில், பாசியின் மேல், கறுப்பெள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருவியிலிருந்து இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. ஒரு புல்கூட முழங்கால் உயரம் வளராத ஊரில் எள்.

கைக்கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியது. மேலே இருக்கிறவனும் தென்காசி மணியைத்தான் பார்க்கிறான்.

அப்புறம்தான் அது உறைத்தது.

“எள்ளா இறைக்கான்?” குரல் முதல் முறையாக உடைந்தது. “அப்பன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கேன், என் பிள்ளை எள் இறைக்கானா? அந்த முறைகூடவா மறந்துபோச்சு? இல்ல, தெரிஞ்சேதான் செய்யுதானா?”

“முறை தெரிஞ்சுதான்பா செய்யுதான்.” செண்பகவல்லி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “அவன்மேல தப்பில்ல. உங்களுக்கு அவன் செத்துட்டதாச் சொன்னதும் அவனுக்குத் தெரியாது. நீங்க இப்ப என்னைப் போய்ச் சொல்லச் சொன்னீங்களே, அதை அம்மா பத்து வருஷத்துக்கு முன்னாடியே அவன்கிட்டச் சொல்லிட்டா.”

ஆவுடையப்பன் விரலில் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்தார்.

“அவ மாசமா இருந்தப்போ ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டான்பா. அப்பா என்ன சொன்னாலும் சரி, கால்ல விழுந்துடுதேன்னான். செத்தவன்னு ஊரே நம்புத பிள்ளை, பொண்டாட்டியோட வாசல்ல வந்து நின்னா உங்க கதி என்ன? அம்மா பயந்துட்டா. அப்பா போயிட்டார், காரியமெல்லாம் முடிஞ்சுது, இனி வந்து என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டா. அன்னிலேருந்து அவனும் ஓர் அமாவாசை விட்டதில்ல.”

“என்னை இங்க எப்படிக் கூட்டிட்டு வந்த?”

“கோடையில இந்த நிலையத்துலதான் அவனுக்கு வேலை. ஆனா இந்த மாசம் தெற்க, மாமனார் வீட்டுல இருப்பேன்னுதான் சொன்னான். அதை நம்பித்தான் வந்தேன். ஆடி அமாவாசைக்கு இங்க வந்து நிப்பான்னு எனக்குத் தோணவே இல்ல.”

“தோணியிருக்கணும்” என்றார் ஆவுடையப்பன். “என் வீட்டுல வளந்தவன்.”

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஒருவர் சாவை ஒருவர் சுமந்து, ஒரே நாளில் ஒரே நேரத்தில், கடல்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து உயிரோடிருக்கிறவனுக்கு எள் இறைத்திருக்கிறார்கள். நடுவில் அமர்ந்து இருவருக்கும் நேரம் சொல்லிக் கொடுத்தவள் கோமதி. சண்டை போடவும் இனி அவள் இல்லை. நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இப்போதுதான் கிடைத்தது, பதில் சொல்ல அவள் இல்லை. இதுவும் அவள் செய்த மோசம்தான்.

“ஊருக்குப் போனதும்” என்றார், மகளைப் பார்க்காமல், “கூடத்துல இருக்கிற காயிதத்தை நீதான் இறக்கணும். நான் தொட மாட்டேன். இலஞ்சி அத்தைகிட்டயும் நீதான் சொல்லணும்.”

“சரிப்பா.”

“உங்க அம்மாவை நான் மன்னிக்கப் போறதில்ல. உன்னையும்தான்.”

“சரிப்பா.”

அவர் நிரோஜாவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா. இந்தக் கருவியில இருக்கிற என் பதிவை அழிக்க முடியுமா?”

“ஏலும் ஐயா. ஆனா அழிச்சால் உங்களைக் கழிக்காது. நீங்கள் தண்ணியத் தொட்ட உடன மேல மணி அடிக்கும். ஆள் ஆர் எண்டு அவை தங்கட பதிவுகளோட ஒப்பிட்டுப் பாப்பினம்.”

“பாதின்னு காட்டுமா?”

நிரோஜாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. “ஓம் ஐயா” என்றாள் மெதுவாக. “அங்க நிக்கிறவருக்குப் பாதி எண்டு காட்டும்.”

“அழி.”

“அப்பா, அதுக்கு நாமளே மேல போயிரலாமே…”

“நான் ஏற மாட்டேன். நான் யாரையும் கூப்பிடவும் இல்ல” என்றார் ஆவுடையப்பன். “நான் கை கழுவுதேன். அவ்வளவுதான்.”

நிரோஜா திரையில் இரண்டு இடத்தில் அழுத்திவிட்டுத் தலையசைத்தாள். அவர் கையுறைகளைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு சட்டைக் கைகளையும் ஒழுங்காக முழங்கை வரை சுருட்டினார். குனிந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு முங்கத் தண்ணீரில் வைத்தார். குளிர் எலும்பில் ஏறியது. எடுக்கவில்லை. அதட்டவும் இப்போது யாரும் இல்லை.

மூக்கு கீச்சென்றது.

கைகளைத் துடைத்துக்கொண்டு, மேலேயிருந்து இறங்கும் பாதைக்கு முதுகைக் காட்டி ஒரு பாறையில் உட்கார்ந்தார். நிமிர்ந்தே உட்கார்ந்தார். எள் முடிச்சு அவிழ்க்காமல் மடியிலேயே இருந்தது. கைக்கடிகாரம் பன்னிரண்டு பத்தைத் தாண்டியது. உச்சிப்பொழுது இன்னும் போய்விடவில்லை, இறைக்கிறவன் இறைக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்துச் செம்பை எடுத்தார். எட்டித் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்து, அளவுமானி பார்க்கிறவரைப் போல உற்றுப் பார்த்தார்.

எள் வரவில்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது.